கொலை இல்லாத துப்பறியும் படங்கள்: எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

மயிலை வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உரியவரிடம் போய்ச் சேராமல் தேங்கிவிட்ட கடிதங்களுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் நான்கு அஞ்சல் ஊழியர்களைப் பற்றிய ‘சைன்ட், சீல்ட், டெலிவர்ட்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சிப் படத் தொடரை இங்கே யாராவது முழுமையாகப் பார்த்திருக்கிறீர்களா?

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி சென்ற மாதம் ஊருக்கு வந்தபோது, அப்பா பார்க்கட்டும் என்று இத்தொடரின் டிவிடிகள் சிலவற்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அப்பாவுக்கு 83 வயது. மாத நாவல்கள் ரயில் நிலையக் கடைகளில் தொங்கிய காலத்திலிருந்தே துப்பறியும் கதைகளை விடாமல் படித்து வருகிறவர். மழை வலுத்துப் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் எல்லாவற்றுக்கும் முதலாவதான படத்தைப் போட்டோம். அரை மணி நேரம் கழிந்ததும் அப்பா, “இன்னும் யாரும் கொலை செய்யப்படவில்லையே?” என்று கேட்டார். யாரும் கொலை செய்யப்படப் போவதில்லை என்று நான் சொன்னபோது, எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நாற்காலியை இன்னும் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, படம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். முடிந்த பிறகு அவர் கேட்ட ஒரே கேள்வி, “நம் ஊரிலும் இப்படி ஓர் அலுவலகம் உண்டா? அங்கே கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்களா?” என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அதோடு இன்னொன்று. தம்பி கொடுத்தவற்றில் அரை டஜன் படங்களும் வாரத் தொடராக வந்த பகுதிகளும் கலந்து கிடக்கின்றன. வாரத் தொடரை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்த்தால் கதை புரியுமா? ஒவ்வொரு படமும் தனித்தனிக் கதை என்று தம்பி சொல்கிறான். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. கதையின் முடிச்சுகளை வெளியிட்டுவிடாமல் பதில் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அடையாறு அந்தி

உங்கள் ஐயம் சரியானது. ஒவ்வொரு படத்திலும் வரும் கடிதம் தனிக்கதை. அதைத் தேடிச் செல்லும் நால்வரின் வாழ்க்கை தொடர்கதை. முதலாவதை மட்டும் விரும்புகிறவர்கள் எந்தப் படத்தையும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் இத்தொடரின் உண்மையான இன்பம் இரண்டாவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் பார்த்த முதல் படம் 2013 அக்டோபரில் ஹால்மார்க் தொலைக்காட்சியில் வந்தது. அதற்கு அடுத்து, 2014 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒளிபரப்பான 10 பகுதிகள் கொண்ட வாரத் தொடரைக் கட்டாயம் பாருங்கள். அதன் பிறகு அதே ஆண்டின் கிறிஸ்துமஸ் படம். 2015இல் மூன்று படங்கள் வந்தன. அவற்றுள் செப்டம்பரிலும் அக்டோபரிலும் வந்தவை, காணாமல் போன ஒரு ராணுவ வீராங்கனையைத் தேடும் ஒரே கதையின் இரு பாதிகள் என்பதால், அவற்றை முன்பின்னாகப் பார்த்தால் இரண்டும் கெட்டுவிடும். 2016 முதல் 2018 வரை வந்தவற்றை வெளியான வரிசையிலேயே பாருங்கள். பிறகு மூன்று ஆண்டு இடைவெளி. 2021இல் ஒரு படம். மீண்டும் மூன்று ஆண்டு இடைவெளி, 2024இல் இன்னொன்று. அந்த இடைவெளிகளில் நாங்கள் காத்திருந்தோம். நீங்கள் அடுத்தடுத்த வாரங்களிலேயே பார்த்துவிடலாம் என்பதில் எனக்குச் சிறிது பொறாமைகூட உண்டு.

வாரத் தொடரை ஏன் விடக்கூடாது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எரிக் மேபியஸ் நடிக்கும் ஆலிவர், கையெழுத்துக் கடிதத்தைக் கோவில் பிரசாதத்தைப் போல இரு கைகளிலும் ஏந்துகிற, பேச்சிலும் உடையிலும் இலக்கணம் தவறாத மனிதர். கிறிஸ்டின் பூத் நடிக்கும் ஷேன், கணினியைக் கொண்டு எதையும் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பிக்கொண்டு, அந்தப் பிரிவுக்குத் தற்செயலாக வந்து சேர்கிறவர். கிரிஸ்டல் லோ நடிக்கும் ரீட்டாவுக்கு, ஒருமுறை பார்த்த காகிதம் புகைப்படம்போல மனத்தில் பதிந்துவிடும். ஜெஃப் குஸ்டாஃப்சன் நடிக்கும் நார்மன், கூச்ச சுபாவமும் விசித்திரமான பொது அறிவும் கொண்டவர். ஆலிவரும் ஷேனும் ஒருவரையொருவர் முதல் பெயரால் அழைத்துக்கொள்ளவே எவ்வளவு காலமாகிறது என்பதைக் கவனித்தவருக்குத்தான், பின்னால் வரும் ஒரு படத்தில் அவர் அவளை நோக்கிக் கையை நீட்டும் ஒரு சாதாரணக் காட்சி ஏன் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறது என்பது விளங்கும். பத்துப் பகுதிகளையும் தாண்டிக் குதித்தவருக்கு அது வெறும் கை.

கொலை இல்லாமலேயே உங்கள் தந்தையார் ஏன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார் என்பதையும் நான் யோசித்தேன். துப்பறியும் கதையின் உறுப்புகள் எல்லாமே இதில் இருக்கின்றன. நனைந்து கலைந்த முகவரி, பாதி அழிந்த தேதி முத்திரை, தாளின் வகை, எழுதியவர் அடித்துத் திருத்திய ஒரு சொல் ஆகியவற்றை நால்வரும் பார்க்கும் அதே நேரத்தில் நம் கண்ணுக்கும் காட்டிவிடுகிறார்கள். மறைத்து வைத்துக் கடைசியில் ஏமாற்றுவதில்லை. கொலைக் கதையில் குற்றவாளி யார் என்று தெரிந்ததும் நம் வேலை முடிந்துவிடுகிறது. இங்கே பெறுநர் யார் என்று தெரிந்த பிறகுதான் பெரிய கேள்வியே எழுகிறது: இத்தனை ஆண்டுகள் கழித்து இதை அவர் கையில் கொடுக்கலாமா? பல படங்களில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது அந்தக் கடைசி இருபது நிமிடங்களைத்தான்.

இதை உருவாக்கிய மார்த்தா வில்லியம்சன், அதற்கு முன் தேவதைகள் மனிதரிடையே வந்து உதவும் புகழ்பெற்ற ஒரு தொடரை ஒன்பது பருவங்கள் நடத்தியவர். ஒளிபரப்பிய நிறுவனமோ 1910இல் கான்சஸ் நகரில் அஞ்சலட்டை விற்பனையில் தொடங்கி வாழ்த்து அட்டைகளுக்குப் பெயர்போனது. கடிதம் எழுதும் பழக்கத்தின் மீது அவர்களுக்கு இருக்கும் பற்றை வியாபாரம் என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். நான் அப்படி ஒதுக்க மாட்டேன். தாளையும் உறையையும் இவ்வளவு நெருங்கி, இவ்வளவு பொறுமையாகக் காட்டும் கேமராவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சார்ட்டிங் மேசை

வணக்கம் அம்மா. உங்கள் தந்தையாரின் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். அஞ்சல் துறையில் 34 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அதில் சில ஆண்டுகள் நீங்கள் கேட்கும் அந்த அலுவலகத்திலேயே இருந்தேன்.

ஆம், உண்டு. முன்பு அமெரிக்காவைப் போலவே இங்கும் அதற்கு ‘இறந்த கடித அலுவலகம்’ என்ற பொருள்படும் பெயர்தான் இருந்தது. பிறகு அது ‘ரிட்டர்ன்ட் லெட்டர் ஆபீஸ்’ ஆயிற்று. நாங்கள் ஆர்.எல்.ஓ. என்போம். எங்கள் காலத்தில் நடைமுறையில் இருந்தது 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம். அதன்படி, பட்டுவாடா செய்ய முடியாத கடிதத்தை முதலில் வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்ப வழியுண்டா என்று பார்க்க வேண்டும். வழியில்லை என்றால், அனுப்பியவரின் பெயரும் முகவரியும் உறையின் மேல் இல்லாதபோது மட்டும், இரகசியம் காப்பதாக உறுதி அளித்த அதிகாரி ஒருவர் அதைப் பிரித்துப் பார்க்கலாம். அனுப்பியவர் யார் என்று தெரிந்துகொள்வது ஒன்றே அதன் நோக்கம். முகவரி கிடைத்தால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். கிடைக்காவிட்டால் அழிக்கப்படும். உள்ளே பணமோ விற்கத்தக்க பொருளோ இருந்தால் ஓராண்டு வரை வைத்திருப்பார்கள்.

இதனால் உங்களுக்கு ஒரு வேறுபாடு புலப்படும். படத்தில் அந்த நால்வரும் பெறுநரைத் தேடி ஊர் ஊராகப் போகிறார்கள். எங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. பெறுநர் கிடைக்கவில்லை என்று ஆன பிறகு நாங்கள் தேடியது அனுப்பியவரைத்தான். அமெரிக்காவிலும் உண்மையில் அட்லாண்டா நகரத்தில் ஒரே மையம்தான் இதைக் கவனிக்கிறது. படத்தில் அந்த அலுவலகம் டென்வர் நகரத்தில் இருப்பது கதைக்காக வைத்தது. ஆனால் அங்கே 19ஆம் நூற்றாண்டில் பாட்டி லைல் காலின்ஸ் என்ற பெண்மணி வாஷிங்டனில் இப்படிப்பட்ட பிரிவில் இருந்து, யாராலும் படிக்க முடியாத முகவரிகளைப் படித்துச் சொல்வதற்குப் பெயர் பெற்றிருந்தார். படத்தில் வரும் ரீட்டாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

அந்தத் திறமை இங்கும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. சென்னையில் முகவரி ஒரு பெரிய புதிர். பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு எண்கள். மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆன பின்பும் பழைய பெயரையே எழுதுகிறவர்கள். ஒரே பெயரில் நான்கு பேட்டைகளில் தெருக்கள். அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது என்றாலும், அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் மக்கள் அதை எழுதப் பழகவில்லை. “மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் பூ விற்கும் அத்தைக்கு” என்று மட்டும் எழுதிய அஞ்சலட்டை ஒன்று என் கைக்கு வந்தது. அந்தப் பகுதியில் பீட் பார்த்த தபால்காரரிடம் கேட்டேன். “ஸ்டேஷனுக்கு மேற்கே மூன்று பேர், கிழக்கே இரண்டு பேர், அவர்களில் தென் மாவட்டத்துக்காரர் ஒருவர்தான்” என்றார். அட்டையில் இருந்த முத்திரை திருநெல்வேலிப் பக்கத்து ஊருடையது. மறுநாள் அது அந்த அம்மாள் கையில் போய்ச் சேர்ந்தது. அட்டையில் என்ன எழுதியிருந்தது என்பதை நான் அன்றும் யாரிடமும் சொல்லவில்லை, இங்கும் சொல்லப் போவதில்லை.

இந்தப் படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான். கடிதத்தைப் பிரிப்பதற்கு முன் ஆலிவர் ஒரு கணம் நிற்கிறார். அந்தத் தயக்கத்தை வேலை தெரிந்தவர் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

நங்கநல்லூர் நிலா

மற்றவர்கள் புகழ்ந்திருப்பதை மறுப்பதற்காக எழுதவில்லை. நானும் இத்தொடரில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்தவள்தான். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு மனத்தடை உண்டு. கடிதம் தாமதமானதே நல்லதற்குத்தான், சரியான நேரத்தில்தான் அது வந்து சேர்ந்திருக்கிறது என்ற நம்பிக்கையை ஒவ்வொரு படமும் ஏதாவது ஒரு வகையில் வலியுறுத்துகிறது. கதையில் அது இதமாக இருக்கிறது. வாழ்க்கையில் அப்படி நேர்வதில்லை. 1989இல் என் அண்ணனுக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு நடந்து முடிந்து ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தது. அதில் எந்த நன்மையையும் எங்கள் குடும்பத்தில் யாரும் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

ஆகவே உங்கள் தந்தையாரோடு பார்க்கும்போது, தற்செயல்கள் அடுக்கடுக்காக வந்து கைகொடுக்கும் இடங்களை நான் பொறுத்துக்கொண்டதுபோல நீங்களும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2015 செப்டம்பர் படத்தை மட்டும் இந்தக் குறையிலிருந்து விலக்குவேன். அதில் கேள்விக்கு உடனே விடை கிடைப்பதில்லை. கிடைக்காத நிலையிலேயே அந்த நால்வரும் ஒருவருக்கொருவர் துணையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு முழு மனநிறைவு தந்த படம் அதுவே.

அடையாறு அந்தி

நிலா அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, உங்கள் அண்ணனுக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாமதம் நல்லதற்கே என்று சொல்வது ஆலிவர்தான். ஷேன் ஆரம்பத்திலிருந்தே அதை ஏற்பதில்லை. அந்த வழக்கு படத்துக்குப் படம் தொடர்கிறது. ஆலிவரின் சொந்த வாழ்க்கையில் வராத ஒரு பதிலுக்காக அவர் காத்திருப்பது, அவருடைய நம்பிக்கையையே ஆட்டிப் பார்க்கிறது. அவருடைய கூற்றைப் படத்தின் கூற்றாக மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மயிலை வாசகி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தி அவர்கள் சொன்ன வரிசைப்படி வாரத் தொடரின் முதல் இரண்டு பகுதிகளைப் பார்த்துவிட்டோம். ஆலிவர் தொலைபேசியில் பேசும் முறையைக் கண்டு, தம் பள்ளித் தலைமையாசிரியரைப் போலவே இருக்கிறார் என்று அப்பா மகிழ்ந்தார். நிலா அவர்கள் குறிப்பிட்ட மனத்தடையை அவரிடம் சொன்னேன். “அந்தப் பெண் சொல்வது சரி” என்று மட்டும் சொன்னார்.

சார்ட்டிங் மேசை ஐயா அவர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி. உங்கள் பதிலை அப்பாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். அதன் பிறகுதான் அவர் அந்தக் கேள்வியை ஏன் கேட்டார் என்று சொன்னார். 1974இல், பெரம்பூரில் இருந்த நண்பர் ஒருவரோடு மனவருத்தம் ஏற்பட்டு, பல மாதங்கள் கழித்து அப்பாவே இறங்கிவந்து கடிதம் எழுதியிருக்கிறார். உறையின் மேல் தம் முகவரியை எழுதவில்லை. சில வாரங்களில் அது ஓர் அலுவலக உறைக்குள் வைத்து இவரிடமே திரும்பி வந்துவிட்டது. நண்பர் வாங்க மறுத்துவிட்டார் என்று முடிவு செய்து, அந்த அலுவலக உறையைப் பிரிக்காமலே பெட்டியில் போட்டுவிட்டாராம். இப்போது அதைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார். அதில் ஏதாவது தெரிய வருமா ஐயா?

சார்ட்டிங் மேசை

தெரிய வரும் அம்மா. உள்ளே இருக்கும் கடித உறையை ஓரம் கிழியாமல் மெதுவாக எடுங்கள். பழைய பசை தாளோடு ஒட்டியிருக்கும். முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். வாங்க மறுத்திருந்தால் தபால்காரர் ‘ரெஃப்யூஸ்டு’ என்று எழுதித் தேதியும் கையொப்பமும் இட்டிருப்பார். வீடு மாறிப் போயிருந்தால் ‘லெஃப்ட்’ என்று இருக்கும். முகவரி போதாது என்றால் அதையும் எழுதியிருப்பார். பெரும்பாலும் பென்சிலாகவோ நீல மையாகவோ இருக்கும், மங்கியிருக்கலாம். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரமாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பெரம்பூர் முத்திரை ஒன்றுக்கு மேற்பட்ட தேதிகளில் இருந்தால், ஒரே நாளில் கைவிடாமல் மறுநாளும் போய்ப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

மயிலை வாசகி

இன்று காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து பிரித்தோம். பின்பக்கத்தில் பெரம்பூர் முத்திரை இரண்டு இருக்கிறது; அடுத்தடுத்த நாட்கள். அவற்றின் குறுக்கே பென்சிலால் எழுதியிருப்பது, நான் படித்தபோதும் அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோதும், ‘லெஃப்ட்’ என்றுதான் இருக்கிறது.

அப்பா அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். “வீடு மாறியிருக்கிறான்” என்றார். பிறகு, நண்பரின் தங்கை அந்தக் காலத்தில் வில்லிவாக்கத்தில் இருந்தார் என்றும், அந்தத் தெருவின் பெயர் தமக்கு நினைவுக்கு வந்துவிடும் என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்றாம் பகுதியை இன்றிரவு பார்க்கிறோம்.